ஹோல்ஸ்டன்டோரை முன்னும் பின்னுமாகப் பார்ப்பது எப்படி

ஜெர்மனியின் லூபெக் நகரத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஹோல்ஸ்டன்டோர் என்ற இந்தப் பழைய கோட்டை வாசல் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குள் போய்விடுகிறார்கள். இதற்கு இரண்டு முகம் இருக்கிறது, இரண்டையும் பார்த்தால்தான் கட்டியவர்களின் கணக்கு புரியும்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த வழியில் வந்தால் முதலில் கண்ணில் படுவது வெளிப்பக்கம், அதாவது எதிரி பார்க்கவேண்டிய பக்கம். ஜன்னல் குறைவு, பீரங்கித் துளைகள்தான் உண்டு, சுவரின் கனம் சுமார் மூன்றரை மீட்டர். இப்போது வாசலைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள்: வரிசையாக ஜன்னல்கள், அலங்காரம், சுவரோ ஒரு மீட்டருக்கும் குறைவு. குண்டு வரப்போவது வெளியிலிருந்து, அப்புறம் ஊர்ப்பக்கம் எதற்குச் செங்கல்லை வீணாக்குவது?

கட்டிடம் சாய்ந்திருப்பது கேமராக் கோளாறு அல்ல. 1464-இல் தொடங்கி 1478-இல் முடித்தார்கள், ஆனால் ஆற்றோரச் சதுப்பு நிலம் இவ்வளவு எடையைத் தாங்கவில்லை, தெற்குக் கோபுரம் கட்டும்போதே இறங்க ஆரம்பித்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் சாய்வு நன்றாகத் தெரியும். 1933-34-இல் வேலை செய்துதான் அது மேலும் சாயாமல் நிறுத்தினார்கள்.

ஊர்ப்பக்கம் எஸ்.பி.கியூ.எல். என்ற எழுத்துகளையும் 1477, 1871 என்ற ஆண்டுகளையும் தேடுங்கள். 'ரோமின் செனட்டும் மக்களும்' என்பதன் லத்தீன் சுருக்கமான எஸ்.பி.கியூ.ஆர். பாணியில், ரோமுக்குப் பதில் லூபெக் என்று போட்டுக்கொண்ட பெருமை அது, ஆனால் முதல் ஆண்டே ஒன்று குறைவு! இரண்டாவது, புதுப்பித்த ஆண்டு. அதற்குச் சில வருடம் முன்பு, 1863-இல், இதை இடிப்பதா வைப்பதா என்று வாக்கெடுப்பு நடந்து ஒரே ஒரு வாக்கில் தப்பித்தது. இதற்கு முன்னால் நின்ற வெளிவாசலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ரயில் வந்த காலத்தில் அதை இடித்துவிட்டார்கள்.

உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது, வணிகம், கப்பல் பற்றியது. மராமத்துக்காக மூடியிருக்கலாம் என்பதால் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, விஷயம் வெளியேதான். பக்கத்திலேயே ஆற்றங்கரையில் நிற்கும் ஆறு உப்புக் கிடங்குகளை விட்டுவிடாதீர்கள். லூனேபர்க் என்ற ஊரின் உப்பு ஸ்காண்டிநேவியாவுக்கு மீன் பதப்படுத்தப் போன வழி அது. இப்படியொரு வாசல் கட்டுமளவுக்குப் பணம் சேர்ந்ததற்கு அந்த உப்பும் ஒரு காரணம்.

படம் எடுக்க: வெளிப்பக்கம் மேற்கு பார்த்தது, அதனால் அங்கே மாலை வெயில், ஊர்ப்பக்கத்துக்குக் காலை வெயில். ஒரே முறைதான் வர முடியும் என்றால் மாலையில் வாருங்கள். மேலிருந்து பார்க்க ஆசையா, அருகிலுள்ள பெட்ரி தேவாலயக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது.