அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால்: முதல் சில மணி நேரத்தில் செய்யும் தவறுகள்

"யாருக்கும் படம் அனுப்பாதீங்க" என்ற அறிவுரையை இங்கே எழுதப் போவதில்லை. அது அனுப்புவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது, போதுமான அளவுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. மிரட்டல் மெசேஜ் வந்த பிறகு என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. இதில் மாட்டியவர்களில் பலருக்குப் படம் வெளியே போனதால் வந்த சேதத்தைவிட, போய்விடுமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பயந்த நேரத்தில் எடுத்த முடிவுகளால் வந்த சேதம் பெரிது.

அந்த மெசேஜ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் முகம் தெரியும் படம், அதன் பக்கத்தில் அந்தரங்கப் படம் அல்லது வீடியோ காலில் பதிவு செய்த காட்சி, அதற்குக் கீழே உங்கள் ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். அதில் அண்ணன், தங்கை, கூட வேலை செய்பவர் என்று சில பெயர்களைச் சுற்றி சிவப்பு வட்டம். "10 நிமிஷம் டைம்" என்று ஒரு வரி. அப்புறம் 9, 8 என்று மிரட்டுபவன் எண்ணிக்கொண்டே வருவான். இந்த அவசரம்தான் அவனுடைய முதலீடு. நீங்கள் நிதானமாக யோசித்தாலோ இன்னொருவரிடம் வாயைத் திறந்தாலோ அவன் தொழில் படுத்துவிடும், அதனால் இரண்டுக்குமே நேரம் கொடுக்க மாட்டான்.

இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பணத்தைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்பது. தோன்றுவதில் தப்பில்லை, கொடுப்பதுதான் தவறு. கொடுத்த அடுத்த நிமிடம் அவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது: இந்த ஆளிடம் பணம் இருக்கிறது, இந்த ஆள் பயந்திருக்கிறார். உடனே தொகை ஏறும். "இதுதான் கடைசி", "மேலே இருக்கிறவர் ஒத்துக்கலை", "டெலீட் பண்ண ஃபீஸ்" என்று காரணம் மாறிக்கொண்டே போகும். அழித்துவிட்டேன் என்று ஸ்கிரீன் வீடியோ எடுத்துக்கூட அனுப்புவான். இன்னொரு பிரதி இல்லை என்பதற்கு அது எந்த விதத்தில் சாட்சி? ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா, சரி, இந்த இடத்தில் நிறுத்துங்கள். பரிவர்த்தனை எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு வங்கிக்கோ பேமென்ட் ஆப்புக்கோ உடனே சொல்லுங்கள். கொடுத்ததைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் கொடுப்பது என்ற கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது.

அடுத்தது கெஞ்சுவது. "அண்ணா, ப்ளீஸ், எங்க வீட்டுல தெரிஞ்சா செத்துடுவேன்" என்று எழுதுகிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கு மனசு இளகும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022 மார்ச்சில் 17 வயதுப் பையன் ஒருவன் இப்படி ஒரு கும்பலிடம் மாட்டினான். பெண் பெயரில் இருந்த கணக்கு, படம், மிரட்டல், பணம், மேலும் பணம் என்று எல்லாமே ஒரே இரவுக்குள் நடந்தது. சாகப்போகிறேன் என்று அவன் எழுதியபோது, சீக்கிரம் செய் என்ற அர்த்தத்தில்தான் பதில் வந்தது. அவன் உயிர் போய்விட்டது. இந்த வழக்கில் நைஜீரியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்ட இரண்டு சகோதரர்களுக்கு 2024 செப்டம்பரில் ஆளுக்கு பதினேழரை ஆண்டு சிறை கிடைத்தது. ஒரே நேரத்தில் பலரிடம் இதே வசனத்தை ஒட்டிக்கொண்டிருப்பவனிடம் இரக்கத்தைத் தேடாதீர்கள். உங்கள் ஒவ்வொரு பதிலும், அது கெஞ்சலோ கெட்ட வார்த்தையோ, நீங்கள் இன்னும் தூண்டிலில் இருக்கிறீர்கள் என்பதைத்தான் அவனுக்குச் சொல்கிறது. பதிலே வராத ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகிறவர்கள் நிறைய.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அது வந்த அந்த நிமிடமே பக்கத்தில் இருக்கிற ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. யாரும் இல்லையென்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, பணம் கேட்டு மிரட்டப்பட்ட சிறார்கள் குறைந்தது 12,600 பேர், அதில் குறைந்தது 20 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சொன்னது. அதில் பெரும்பாலானவர்கள் பையன்கள். இது பெண்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துக்கொண்டு, பையன்கள் வெளியே சொல்ல இன்னும் கூடுதலாகக் கூசுகிறார்கள்.

பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது இன்னொரு தவறு. சாட், கேலரி, கணக்கு எல்லாம் போய்விடும், கூடவே ஆதாரமும் போய்விடும். பிளாக் பண்ணுவதற்கு முன்னால் அவனுடைய யூசர்நேம், புரொஃபைல் லிங்க், மிரட்டல் வரிகள், தேதியும் நேரமும், பணம் கேட்ட கணக்கு விவரம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே தெரியும் பெயரை மட்டும் எடுத்தால் பயனில்லை, அதை அவன் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவான். தானாக மறையும் மெசேஜ் என்றால் இன்னொரு போனில் படம் எடுங்கள். உங்கள் கணக்கை முழுவதுமாக அழிக்காமல் தற்காலிகமாக முடக்கி வையுங்கள்.

உங்களிடம் இருக்கும் அசல் படத்தை அழிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும், பிரிட்டனிலிருந்து இயங்கும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவசச் சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, 18 வயதைத் தாண்டியவர்களுக்கானது. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 2023 பிப்ரவரியில் வந்த டேக் இட் டவுன் (Take It Down) என்ற சேவை. இரண்டிலும் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளத்தை உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் அந்த எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம். படத்தை அழித்துவிட்டால் எண்ணை எதிலிருந்து எடுப்பது? வாட்ஸ்அப் மாதிரி, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் பார்க்கும்படி மறையாக்கம் செய்த சாட்டுக்குள் போவதை இதனால் தடுக்க முடியாது, படத்தை வெட்டி மாற்றினாலும் தப்பலாம். அப்படியிருந்தும் செய்துவைப்பது நல்லது.

மிரட்டுவது முன்னாள் காதலனோ கணவனோ தெரிந்தவரோ என்றால் மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் பணமாக இருக்காது. திரும்பி வா, இன்னும் படம் அனுப்பு, வந்து பார், புகாரை வாபஸ் வாங்கு என்பதாக இருக்கும். கடைசியாக ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று தனியாகப் போவதுதான் இங்கே மிக ஆபத்தான தவறு. அவருக்கு உங்கள் வீடும் வேலையிடமும் தெரியும். சட்டென்று பிளாக் பண்ணினால் நேரில் வந்து நிற்கும் ஆளா என்பதை யோசித்து, கூட இருக்க ஒருவரை வைத்துக்கொண்டு, ஆதாரத்தோடு போலீஸுக்கோ வழக்கறிஞருக்கோ போன பிறகு தொடர்பைத் துண்டியுங்கள்.

படமே எடுக்காதவர்களுக்கும் மிரட்டல் வருகிறது. உங்கள் பழைய பாஸ்வேர்டை எழுதி, "உன் கேமராவில் எல்லாம் பதிவு பண்ணிட்டேன்" என்று வரும் மின்னஞ்சல் 2018 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்ட் எங்கோ கசிந்த பட்டியலில் இருந்து எடுத்தது, வீடியோ எதுவும் இருக்காது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மெயிலைத் தூக்கிப் போடுங்கள். சாதாரணப் படத்தை ஏஐ வைத்து நிர்வாணமாக மாற்றி மிரட்டுவது வேறு ரகம், படம் பொய்யாக இருந்தாலும் அவமானம் நிஜமாகவே வலிக்கும். அதற்கும் புகார் கொடுக்கலாம், நீக்கவும் கேட்கலாம்.

அப்புறம் "எத்திக்கல் ஹேக்கர்", "ரெகவரி எக்ஸ்பர்ட்" என்று கமெண்ட்டில் வந்து நிற்பவர்கள். மிரட்டுபவன் போனுக்குள் புகுந்து அழித்துத் தருகிறோம் என்று பணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள். அது இரண்டாவது மோசடி.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தவறுகள்தான் என்னை அதிகம் கோபப்படுத்துபவை. பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து சொல்கிறது, முதல் கேள்வி "ஏன் அனுப்பின?". அந்த ஒரு கேள்வியில் அது வாயை மூடிக்கொள்ளும், மீதிக் கதை உங்களுக்குக் கிடைக்காது. "நல்லவேளை சொன்ன, இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிப் பாருங்கள். தண்டனையாகப் பிடுங்காதீர்கள். ஆலோசனை கேட்கிறேன் என்று அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே பல நாடுகளில் குற்றம். அன்று இரவு அந்தப் பிள்ளையைத் தனியாகவும் விடாதீர்கள்.

படம் போய்விடும் என்றே வைத்துக்கொள்வோம். அவன் முந்துவதற்கு முன்னால் நெருக்கமான சிலருக்கு நீங்களே எழுதிவிடலாம்: "ஒருத்தன் என்னை மிரட்டறான். என் பேர்ல ஏதாவது படமோ லிங்க்கோ வந்தா திறக்காம ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணிடு." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த மெசேஜ் போன பிறகு அவன் கையில் இருப்பதன் மதிப்பு பாதிக்கு மேல் விழுந்துவிடும்.

மிரட்டல் நின்ற பிறகும் உடம்பு உடனே நம்பாது. போன் அதிர்ந்தாலே வயிறு கலங்கும், தூக்கம் வராது, யாராவது சிரித்தால் நம்மைப் பற்றித்தானோ என்று தோன்றும். இது மாதக்கணக்கில் நீடிக்கலாம். "அதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன்" என்று கூட இருப்பவர்கள் சொல்லாமல் இருந்தால் போதும், ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனால் இன்னும் நல்லது. சில மாதம் கழித்துப் புது எண்ணிலிருந்து மறுபடி ஒரு "ஹாய், ஞாபகம் இருக்கா" வருவதும் உண்டு. வந்தால் பதில் போடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பழைய புகாரோடு சேர்த்துவிட்டு, அந்த எண்ணையும் பிளாக் பண்ணுங்கள்.