முட்டி உள்ளே சாய்ந்தது, கோளாறு இடுப்பில்

ஷட்டில் ஆடும்போது காலை ஊன்றித் திரும்பினேன். 'டப்' என்று ஒரு சத்தம். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிற்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, புது ஜவ்வு வைக்கும் ஆபரேஷனும் முடிந்தது. வலிக்கு இதமாக இருக்கிறதே என்று 2 வாரம் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். அதுதான் தப்பு. கால் மடங்கியே பழகி, முழுசாக நீட்ட வரவில்லை.

பிசியோதெரபிஸ்ட் தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி தன் எடையிலேயே கீழே இறங்கும். 10 நிமிடம், தினமும் 4 வேளை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், கால் நீண்டது.

அப்புறம் படி இறங்கினால் முட்டி உள்பக்கம் சாய்ந்தது. புது ஜவ்வு தளர்ந்துவிட்டதோ என்று ஒரே பயம். "முட்டியை விடுங்க சார், இடுப்பைப் பாருங்க" என்றார். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் லேசாக மடங்கி நின்றேன். இடுப்பு மறுபக்கம் சரிந்தது, தொடை உள்ளே திரும்பியது, பாதமும் தட்டையாக அமுங்கியது. பாவம் முட்டி, நடுவில் மாட்டிக்கொண்டது.

ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, சின்னப் பலகையிலிருந்து மெதுவாக இறங்குவது, இவ்வளவுதான் பயிற்சி. முட்டிச்சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். வீக்கம் இருந்த நாட்களில் முன்தொடைத் தசை சரியாக இறுகவே இல்லை. அன்றெல்லாம் ஐஸ் வைத்துவிட்டுத்தான் ஆரம்பம். 3 மாதத்தில் சாய்வு போனது.