நமக்கு நாமே போடும் வரம்புகள்: எங்கே சறுக்குகிறது?

வலைத்தளம் கட்டும்போது, ‘பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும்’ என்று டிசைன் ஆவணத்தின் தலைப்பிலேயே எழுதிவைப்பார்கள். அது வரம்பு அல்ல, ஆசை. மீறிவிட்டோமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ‘முதல் திரைக்கான ஜாவாஸ்கிரிப்ட், ஜிஸிப் செய்தபின் 100 கிலோபைட்டுக்குள்’ என்று எழுதினால்தான் அது வரம்பு. ‘ஜிஸிப் செய்தபின்’, அதாவது அனுப்புவதற்காகச் சுருக்கியபின், என்பதை விட்டுவிடாதீர்கள். சுருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும், அதனால் ஒருவர் 300 என்பார், இன்னொருவர் 100 என்பார், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

அடுத்த தவறு, வரம்பைக் காக்கும் வேலையை மனிதர்களிடம் விடுவது. கோட் ஃபைல்களைச் சேர்த்து, பயனருக்குப் போகும் வடிவமாக ஆக்கும் (‘பில்ட்’ செய்யும்) வெப்பேக் என்ற கருவியைப் பாருங்கள். ஒரு ஃபைல் 2,50,000 பைட்டைத் தாண்டினால் புரொடக்‌ஷன் பில்டில் அது எச்சரிக்கும். ஆனால் வெறும் எச்சரிக்கைதான். பில்ட் வெற்றி என்றே முடியும். மஞ்சள் எழுத்துகள் ஒரு வாரம் கண்ணில் படும், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். வெப்பேக்கின் அமைப்பு ஃபைலில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘ஹின்ட்ஸ்’ மதிப்பை ‘எரர்’ என்று மாற்றுங்கள், பில்ட் அங்கேயே நிற்கும். இது அளப்பது சுருக்காத அளவை என்பதையும் கணக்கில் வைத்து எண்ணைப் போடுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் மட்டும் வரம்பு வைத்தால், டீம் ஒரு ஃபைலை மூன்றாக உடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும், பயனர் இறக்குவது குறையாது. அதே பகுதியில் உள்ள ‘மேக்ஸ் என்ட்ரிபாயின்ட் சைஸ்’ என்ற வரம்பு முதல் லோடில் வரும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும். இரண்டையும் வையுங்கள்.

வரம்பு என்றாலே ஓட்டை தேடத்தான் செய்வார்கள். பிகோ-8 என்ற கற்பனை கேம் கன்சோலில் திரை 128×128, நிறம் 16, கோட் 8,192 டோக்கன் (சொல், எண், குறி போன்ற கோடின் சிறு அலகு). எவ்வளவு நீளமான ஸ்ட்ரிங்காக (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) இருந்தாலும் அது ஒரே டோக்கன்தான், எனவே கேமின் வரைபடத் தகவல் முழுவதையும் ஸ்ட்ரிங்குக்குள் திணிப்பார்கள். அந்த வழி எல்லையில்லாமல் போகாதபடி 65,535 எழுத்து, சுருக்கிய கோட் 15,360 பைட் என்று வேறு இரண்டு வரம்புகள் காவல் நிற்கின்றன. உங்கள் வரம்பைப் போடும் அன்றே, ‘இதை ஏமாற்ற வேண்டுமானால் நான் என்ன செய்வேன்?’ என்று ஒரு பத்து நிமிடம் யோசித்துவிடுங்கள்.

காரணத்தை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் கெடுக்கும் தவறு. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் பாதுகாப்பான கோடுக்காக வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்று, ஒரு ஃபங்ஷன் (கோடில் ஒரு வேலையைச் செய்யும் தனிப்பகுதி) சுமார் 60 வரிக்குள் இருக்க வேண்டும் என்பது. ஒரே தாளில் அச்சிட்டு முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியவேண்டும், அதற்குத்தான் அந்த 60. இது தெரியாதவர் 61ஆவது வரியில் வெட்டி ‘ப்ராசஸ்1’, ‘ப்ராசஸ்2’ என்று இரண்டு ஃபங்ஷன் ஆக்குவார். விதி பிழைத்துவிடும், படிப்பவர் மட்டும் இரண்டுக்கும் நடுவே அலைவார்.

எத்தனை வரம்பு? இரண்டு, மூன்று போதும். பன்னிரண்டு வைத்தால் எது மீறினாலும் ‘மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதே’ என்ற சமாதானம் வந்துவிடும்.

விதிவிலக்கு கேட்டு யாராவது வரத்தான் செய்வார்கள். எண்ணை ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், புது வசதியின் கோடோடு கலக்காமல் தனி கமிட்டாக (கோடில் செய்த மாற்றத்தின் பதிவு) ஏற்றுங்கள்; எந்த லைப்ரரிக்காக, எத்தனை பைட், எந்தத் தேதிக்குள் பழைய எண்ணுக்குத் திரும்புவோம் என்பது அந்த கமிட் செய்தியிலேயே இருக்கட்டும்.