நாயைத் தத்தெடுக்கும் முன் காப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள்

போன் திரையில் ஒரு போட்டோ வருகிறது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கும் ஒரு நாய். அதோடு மனசு விழுந்துவிடுகிறது. பிறகு கேட்கிற கேள்விகளெல்லாம் எடுத்த முடிவுக்குச் சாக்குத் தேடுவதுதான். வரிசையை மாற்றுங்கள். முதலில் வீட்டுக் கணக்கு, அடுத்து காப்பகம், கடைசியில் நாய்.

வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிவிடுவது நல்லது. வீடு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கும்? வளர்ந்த நாய், பழகிய பிறகு நாலிலிருந்து ஆறு மணி நேரம் தனியாக இருக்கும். குட்டிக்கு அது முடியாது. மூன்று மாதக் குட்டியால் பகலில் அதிகபட்சம் மூன்று, நாலு மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்; வாய்வார்த்தை நாய் குரைக்கும்வரைதான் நிற்கும். காலையில் யார் நடக்கக் கூட்டிப் போவது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்பதற்கு ஆள் பெயரோடு பதில் இருக்க வேண்டும். நாய் பத்து, பதிமூன்று வருடம் வாழும். இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளை அதற்குள் கல்லூரி முடித்திருக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டுக்கு எங்கள் யோசனை, இரண்டு வயது தாண்டிய நாய்தான். அதன் உயரம், குணம், துறுதுறுப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குட்டியிடம் எதுவும் தெரியாது. பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாக வளரும் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். நடுத்தர நாய்க்கு நாலு மாத எடையை இரண்டால் பெருக்கினால் ஓரளவு ஒத்துவரும், அவ்வளவுதான். குட்டிதான் வேண்டுமென்றால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்றுக்கொள்கிறது. ஒரே ஈற்றின் இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுக்கும் ஆசையும் வேண்டாம். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வீட்டு ஆட்களைக் கண்டுகொள்ளாமல் வளர்வது அடிக்கடி நடக்கிறது.

எங்கே எடுப்பது?

கூண்டுகள் உள்ள காப்பகம், நாயைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் தற்காலிக வளர்ப்பாளர்கள், தனியாக மீட்பு வேலை செய்பவர்கள் என்று மூன்று வழி உண்டு. எந்த வழியில் போனாலும் அந்த நாயைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் விஷயம். வீட்டில் வைத்திருப்பவருக்கு அது எங்கே சிறுநீர் கழிக்கிறது, இடி இடித்தால் என்ன செய்கிறது, பூனையைப் பார்த்தால் பாய்கிறதா என்பதெல்லாம் தெரியும். கூண்டில் இருக்கும் நாயின் குணத்தில் பாதி பயத்துக்குள் ஒளிந்திருக்கும். அதற்காகக் கூண்டுக் காப்பகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே தகவலைத் தோண்டி எடுக்க வேண்டும், அவ்வளவே. அலுவலகத்தில் இருப்பவரை விட, தினமும் கூண்டு கழுவி, சோறு வைக்கிறவரிடம் கேளுங்கள். ‘இது கூச்ச சுபாவம்’ என்று மேசையில் சொல்வார்கள். ‘துடைப்பத்தைக் கண்டால் மூலையில் ஒண்டிக்கொள்ளும், கையைக் காட்டினால் வந்துவிடும்’ என்று அவர் சொல்வார். உதவுவது இரண்டாவது பதில்தான்.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு வேலை கொடுங்கள். நாய் வாடை இருக்கத்தான் செய்யும், ஆனால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கக் கூடாது. தண்ணீர்ப் பாத்திரங்களில் பாசி படிந்திருக்கிறதா? புதிதாக வந்த நாய்களைத் தனியாக வைக்கிறார்களா, குட்டிகளோடு கலந்துவிடுகிறார்களா? குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய நாய் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் நோயைக் காட்டிவிடும், மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸுக்கு இன்னும் நாளாகலாம். அதனால் தனிமைப்படுத்தும் இடமே இல்லாத காப்பகத்தில் குட்டி எடுப்பது சூதாட்டம். ஒரு நிமிடம் ஓரமாக நின்று இன்னொன்றையும் பாருங்கள்: பராமரிப்பாளர் வரும்போது நாய்கள் கம்பியருகே ஓடி வருகின்றனவா, பின்னால் போய்ப் பதுங்குகின்றனவா. எந்தச் சான்றிதழும் இதைச் சொல்லாது.

காகிதத்தில் பார்க்க வேண்டியது தடுப்பூசி அட்டை. தேதியும் கையெழுத்தும் மட்டும் போதாது, மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் தொடர்ந்து ஊசி போட வேண்டும். ‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்பது பாதுகாப்பு ஆகாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி உடலில் இருக்கும்வரை ஊசி வேலை செய்யாமல் போகலாம், அது எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கருத்தடை ஆகியிருந்தால் சான்று, ஆகவில்லை என்றால் எப்போது, யார் செலவில் என்பது எழுத்தில். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டிருப்பதாகச் சொன்னால் உங்கள் முன்னால் ஸ்கேன் செய்து எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 15 இலக்கம் இருக்கும். எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் கேளுங்கள். பழைய பெயரில் கிடக்கும் சிப்பால் பயனில்லை.

நல்ல காப்பகம் உங்களைக் குடைந்து குடைந்து கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கேள்வியும் இல்லாமல் இன்றே கூட்டிப் போங்கள் என்பவரும், நாயைப் பார்க்கும் முன் முன்பணம் கேட்பவரும், இருப்பிடத்தைக் காட்டாமல் வழியில் எங்கோ வைத்துத் தருகிறேன் என்பவரும் ஒரே ரகம். விலகிவிடுங்கள்.

இனி நாய்

ஒரே நாளில் முடிவு எடுக்காதீர்கள். வேறு வேறு நேரத்தில் இரண்டு தடவை போய்ப் பாருங்கள். கம்பிக்குள் நின்று ஆவேசமாகக் குரைக்கும் நாய், வெளியே வந்ததும் சாதுவாக இருப்பதுண்டு. அமைதியாகப் படுத்திருப்பது பயத்தில் உறைந்ததாகவும் இருக்கலாம். கூண்டு முன் நின்று எடை போடாமல், சத்தமில்லாத இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அங்கே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பத்து நிமிடம் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். வரட்டும், மோந்து பார்க்கட்டும். வந்தால் தலையில் கை வைக்காமல் தோள்பட்டையில் ஐந்து விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மேலே சாய்ந்தாலோ மூக்கால் கையைத் தட்டினாலோ ‘இன்னும்’ என்கிறது. தலையைத் திருப்பி உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தால் ‘போதும்’ என்கிறது. வாலாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு, விறைத்து மேலே நின்று வெடவெடவென ஆடும் வால் வேறு. பிறகு இரண்டு மீட்டர் தள்ளிச் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது தவறில்லை. சில விநாடியில் தெளிந்து, போய் மோந்து பார்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். நிமிடக் கணக்கில் மூலையை விட்டு வராத நாயையும் தேற்றலாம், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், சத்தமான வீடு சரிப்படாது.

சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது. பசித்த நாயைச் சீண்டித் தெரிந்துகொள்ள எதுவுமில்லை.

உடம்பைப் பொறுத்தவரை ஈறு நிறைய சொல்லிவிடும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே வெளிறிக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ இருக்கலாம். விலா தெரிய, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும் குட்டிக்கு அநேகமாகப் புழுதான், மருந்தில் சரியாகும். மூக்கிலும் கண்ணிலும் சீழ், இருமல், தசை துடிப்பு சேர்ந்து இருந்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். மருத்துவர் பார்க்காமல் தூக்காதீர்கள். முடி கொட்டிய நாய் என்றால் தோலைச் சுரண்டி, சொறி உண்டாக்கும் நுண்ணிய பூச்சி எது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். டெமோடெக்ஸ் சொறி மனிதருக்கு ஒட்டாது, சார்கோப்டிக் சொறி ஒட்டும். சிகிச்சை இரண்டுக்கும் உண்டு. உங்கள் வீட்டில் அண்மையில் பார்வோவால் ஒரு நாய் இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டும் முதலில் சந்திப்பது வெளியே, இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில். ஆளுக்கொரு நாயைப் பிடித்து, ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். நாய்களின் உடல் விறைப்பு தளரத் தளர நெருங்குங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தி ‘ஹலோ சொல்லு’ என்பதில்தான் சண்டை மூளும்.

கூட்டி வரும் நாள்

தத்து நாய் தொலைந்துபோக வாய்ப்பு அதிகம் உள்ளது முதல் சில நாட்களில்தான், பெரும்பாலும் வண்டிக் கதவிலும் வீட்டு வாசலிலும். கழுத்துப்பட்டையும், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் இரண்டும் போட்டு, இரண்டிலும் வார் மாட்டுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும், ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். போன் எண் பொறித்த வில்லையைக் காப்பக வாசலிலேயே மாட்டிவிடுங்கள்.

முதல் நாள் குளிப்பாட்டல், விருந்தாளி, கடைவீதி ஊர்வலம் எதுவும் வேண்டாம். ஒரு மூலை, தண்ணீர், படுக்கை போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போனால் கழிவறைப் பழக்கம் சீக்கிரம் வரும். காப்பகத்தில் தின்ற உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் புது உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டி மாற்றுங்கள். இட மாற்றத்தில் வயிறு சற்று இளகும். குட்டி வாந்தி எடுத்து, இரத்தப்பேதி ஆகி, சாப்பிடாமல் படுத்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவமனை. ஒன்றும் இல்லாவிட்டாலும் முதல் வாரத்தில் மலப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்குச் சொல்வார்கள். இரண்டாம் வாரத்தில் திடீரென்று உறுமத் தொடங்கினால் நாய் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறது. உறுமியதற்கு அடிக்காதீர்கள்; அடித்தால் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். எதற்கு உறுமியதோ அதிலிருந்து விலக்கி, நாய்ப் பயிற்சியாளரை அழையுங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவராமல் போகலாம், குழந்தையையோ முதல் நாயையோ கடிக்கும் அளவுக்கு. அப்போது தெரிந்தவர் கையில் தள்ளிவிடாமல் எடுத்த காப்பகத்துக்கே கொண்டு போங்கள். என்று, எந்த நேரம், யார் அருகில், எதைச் செய்யும்போது கடித்தது, பல் பதிந்ததா என்று எழுதிக் கொடுங்கள். அடுத்து எடுப்பவருக்கு அவர்கள் காட்ட வேண்டியது அந்தக் காகிதம்தான்.