உட்புற ரெண்டரில் ஒளிப்பிழைகள்: சாம்பிளைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

அறையின் ரெண்டரில் (முப்பரிமாண மாடலிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் படத்தில்) சுவரில் திட்டு, மூலையில் ஒளிக்கீற்று, தரையில் வெள்ளைப் புள்ளிகள் என்று எது தெரிந்தாலும் பலர் உடனே சாம்பிளைத்தான், அதாவது ஒரு பிக்சலுக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையைத்தான், கூட்டுகிறார்கள். நாய்ஸ் (படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்) பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும். 500 சாம்பிளில் ஓடிய படம் 2000-க்குப் போகும், நேரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிழை மாடலில் இருந்தால் அதற்குப் பிறகும் அப்படியே நிற்கும்.

அதனால் முதலில் பிழையின் வகையைப் பிரித்துப் பாருங்கள். சீட் எண்ணை (கதிர்களின் தற்செயல் வரிசையைத் தீர்மானிக்கும் எண்) மாற்றி, பிழை உள்ள பகுதியை மட்டும் மறுபடி ரெண்டர் செய்யுங்கள். புள்ளிகள் இடம் மாறினால் சாம்பிளிங் சிக்கல். இம்மியும் நகராவிட்டால் மாடலையும் நார்மல் திசையையும் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும்) சோதியுங்கள்.

நகராத பிழைகளில் முதல் சந்தேகம் ஒளிக்கசிவு. ஜன்னல், கதவுத் திறப்புகளை வெளிப்பக்கம் பெட்டி வைத்து அடைத்துவிடுங்கள். உள்விளக்குகளை அணைத்து, வானமும் சூரியனும் மட்டும் எரிய, எக்ஸ்போஷரை 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றி ரெண்டர் செய்யுங்கள். படம் கும்மிருட்டாக வர வேண்டும். சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. சுவரின் மேல்விளிம்பு சீலிங்கின் அடிப்பரப்போடு சரியாக முடிவதுதான் வழக்கமான காரணம். சுவரை சீலிங் தளத்துக்குள் 5 செ.மீ. ஏற்றிவிட்டால் கோடு மறையும். ஆனால் இரண்டு பரப்புகள் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. படிந்தால் கறுப்புத் திட்டுகள் வரும்.

வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளில் இர்ரேடியன்ஸ் மேப், லைட் கேஷ் என்ற ஒளிக்கணக்கு முறைகளைப் பயன்படுத்தினால், இடைவெளி இல்லாமலும் கசியும். இவை அருகருகே உள்ள புள்ளிகளின் ஒளியைச் சராசரி எடுப்பவை. தடிமன் இல்லாத சுவரில் வெளிப்பக்க வெயிலும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். சுவருக்கு 15 முதல் 20 செ.மீ. தடிமன் கொடுங்கள், லைட் கேஷில் ரீட்ரேஸை (பிழை வரக்கூடிய இடங்களில் மறுபடி கதிர் அனுப்பிக் கணக்கிடும் அமைப்பு) இயக்கி வையுங்கள். திட்டுகள் அப்போதும் போகவில்லை என்றால் இர்ரேடியன்ஸ் மேப்பை விட்டுவிட்டு, முதல் பவுன்ஸுக்கு (ஒளி பரப்பில் மோதித் திரும்புவது) புரூட் ஃபோர்ஸ் (சராசரி எடுக்காமல் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே கணக்கிடும் முறை) வையுங்கள். மெல்லிய நாய்ஸ் வரும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, திட்டுக்கு அவ்வளவு எளிதில் இல்லை.

இடம் மாறும் வெள்ளைப் புள்ளிகள் ஃபயர்ஃப்ளை. சீலிங்கில் பதித்த சிறு விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே ஒளிரும் வட்டு, முன்னால் கண்ணாடி மூடி. கண்ணாடியைத் தாண்டி அந்தச் சின்ன வட்டில் ஒரு கதிர் போய்ப்படுவது அபூர்வம். பட்டால் அந்த ஒரு பிக்சலுக்கு அளவுக்கு மீறிய ஒளி சேரும். வட்டின் வலிமையைக் கேமராவுக்கு ஒளிர்வது போலத் தெரியும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அறைக்கு வேண்டிய ஒளியை மூடிக்குக் கீழே வைக்கும் ஏரியா லைட் (ஒரு பரப்பு முழுவதும் ஒளி வீசும் விளக்கு) தரட்டும். அதன் பிறகுதான் கிளாம்ப், அதாவது ஒரு கதிர் தரும் ஒளிக்கு உச்ச வரம்பு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் இன்டைரெக்ட் கிளாம்பை (எதிரொளிக்கான வரம்பு) 10-இல் தொடங்கி 3 வரை இறக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே போகப்போக, எதிரொளியே வெட்டுப்பட்டு அறை மங்கிவிடும்.

ஜன்னல் கண்ணாடியும் இதே தொல்லைதான். சைக்கிள்ஸில் காஸ்டிக்ஸை (கண்ணாடியில் வளைந்தோ தெறித்தோ குவியும் ஒளி) அணைத்தால் புள்ளிகள் குறையும், ஆனால் கண்ணாடி வழியே வரும் வெளிச்சமும் நின்றுபோகும். அதற்குக் கண்ணாடியின் மெட்டீரியலில் கிளாஸ் ஷேடரையும் டிரான்ஸ்பரன்ட் ஷேடரையும் (ஷேடர் என்பது ஒளிக்கு ஒரு பரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் அமைப்பு) மிக்ஸ் செய்து, லைட் பாத் நோடின் ‘ஈஸ் ஷேடோ ரே’ வெளியீட்டை மிக்ஸின் ஃபேக்டரில் இணைத்துவிடுங்கள். நிழல் கதிருக்குக் கண்ணாடி இல்லாதது போலாகும். ஜன்னலுக்கு ஒன்றாக, திறப்பின் அளவுக்கே, உள்ளே பார்த்தபடி போர்ட்டல் வையுங்கள். போர்ட்டல் ஒளியைக் கூட்டாது. வானம் எந்தப் பக்கம் என்று கதிர்களுக்கு வழி காட்டும். சூரிய விளக்குக்கு அதனால் பயனில்லை.

சுவர் வெள்ளையை 1.0-இல் விடாதீர்கள், 0.8 போதும். எந்தச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. 1.0 வைத்தால் ஒளி எத்தனை முறை மோதினாலும் குறையாது, நாய்ஸும் அடங்காது. மூலைகள் இருண்டிருந்தால் டிஃபியூஸ் பவுன்ஸை (சுவர் போன்ற பளபளப்பில்லாத பரப்புகளில் ஒளி எத்தனை முறை மோதித் திரும்பலாம் என்ற எண்) 4-இலிருந்து 6 அல்லது 8 ஆக்குங்கள்.

வளைந்த தூணில் நிழல் எல்லை ரம்பப்பல் போல வந்தால் பலகோணங்கள் போதவில்லை, சப்டிவைட் செய்து அவற்றை இன்னும் சிறிதாகப் பிரித்துவிடுங்கள். வெற்றுச் சுவரில் பட்டை பட்டையாக வந்தால் அது 8 பிட் கோப்பின் வேலை. 16 பிட்டில் சேமியுங்கள்.

நாய்ஸைத் துடைக்கும் டீநாய்ஸரைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஆல்பிடோ (பரப்பின் சொந்த நிறம்), நார்மல் பாஸ்களையும் (ரெண்டரோடு தனியாகக் கிடைக்கும் துணைப் படங்கள்) அதற்குக் கொடுங்கள். மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மர ரேகையும் துணியின் நெசவும் நாய்ஸுக்கு நடுவிலும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் டீநாய்ஸர் அவற்றை மெழுகிவிடும். சாம்பிளைக் கூட்ட வேண்டியது அப்போதுதான்.