அயலோடு கரைச்சலா? வன்னியில் வீடு வாங்குவோரும் விற்போரும் விடும் தவறுகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனுக்குக் கிழக்கே இருந்த அக்காவின் வீட்டை விற்க 2021இல் அலைந்தவன் நான். நல்ல வீடு, வற்றாத கிணறு, விலையும் பேசி முடிந்திருந்தது. வாங்க இருந்தவர் மூன்றாம் முறை வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் படலையடியில் மறித்து, "தம்பி, இந்தக் காணிக்கு எல்லைப் பிரச்சினை இருக்கு, தெரியுமோ?" என்று கேட்டார். வந்தவர் உள்ளே வராமலே திரும்பிவிட்டார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு அக்கா கதைத்து ஐந்து வருடம். எங்கள் வீட்டில் அவர் பெயரே 'கரைச்சல்காரர்'. பிறகு சேர்வையரை (நில அளவையாளரை) கூப்பிட்டு அளந்தோம். உறுதிப் பத்திரத்தில் உள்ள எல்லை வேலியைத் தாண்டி நாலு அடி தள்ளி, அவருடைய முருங்கை அடியில் போய் விழுந்தது. நாங்கள் வாய் திறக்க முன்னமே அவர் சொன்னார்: "இந்தக் கதியாலை நான்தான் நட்டனான். நட்டபோது கயிற்றின்ர மற்றத் தலைப்பைப் பிடிச்சது உங்கட அக்கா."

அது உண்மை. 2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது காணி முழுக்கப் பற்றை. எல்லைக்கல் இல்லை, வேலி இல்லை. எரிந்துபோன ஒரு வேம்பின் அடிக்கட்டையைக் குறியாக வைத்து, இரண்டு வீட்டாருமாகக் கயிறு கட்டி, வேலிக்குக் கிளுவங்கம்புகளைக் கதியாலாக ஊன்றினார்கள். யாரும் யாருடைய நிலத்தையும் களவெடுக்கவில்லை. வன்னியில் நான் கண்ட வேலிச் சண்டைகளில் பல இப்படித் தொடங்கியவைதான். ஆகவே வாங்கினாலும் விற்றாலும், கரைச்சல் ஆளிலா எல்லைக் கோட்டிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

வேலியை எல்லை என்று நம்புவது

மிகப் பெரிய தவறு இதுதான். உறுதியையும் பழைய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, காசு கைமாற முன்னமே அளந்து பாருங்கள். அளக்கும் நாளை அயலவருக்கு முன்கூட்டியே சொல்லி, அவரையும் கோட்டோடு நடக்க விடுங்கள். நம்முடைய ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போய் அளந்தால், அது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனியார் உறுதிக் காணியில், பத்து வருடம் தடையின்றித் தனக்கென்று ஆண்டு வந்தவர் உரித்துக் கோர 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. மீள்குடியேறியபோது கண்மதிப்பில் போட்ட வேலிகள் இப்போது அந்தப் பத்து வருடத்தைத் தாண்டி நிற்கின்றன. "உறுதியில் எனக்குத்தானே இருக்கு" என்று மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

அதற்காக இரவோடிரவாக வேலியை நகர்த்துவது அதைவிட மோசம். ஆரம்ப நீதிமன்றத்துக்கு, அதன் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போனால், அங்கே உறுதி யாருடையது என்று தீர்க்க மாட்டார்கள். ஆட்சியில் இருந்தது யார், முந்திய இரண்டு மாதத்துக்குள் யார் யாரைத் தள்ளினார்கள் என்றுதான் பார்ப்பார்கள். வேலியை நகர்த்தியவர்தான் அங்கே குற்றவாளி போல நிற்க வேண்டிவரும்.

என்ன பத்திரம் என்று கேளாதது

இரணைமடுக் குளத்தின் கீழும் மற்றக் குடியேற்றத் திட்டங்களிலும் உள்ள காணிகளில் மிகப் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு கொடுத்தவை. அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணி போல விற்க முடியாது. காணியை உரித்தாகவே எழுதிக் கொடுக்கும் அளிப்புப்பத்திரம் இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல சம்மதம் முதலில் வேண்டும். இல்லாவிட்டால் கைமாற்றம் செல்லாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியோடு எழும்பிய வீடுகள் பலவும் இப்படியான காணிகளில்தான் நிற்கின்றன. வீட்டின் அழகைப் பார்த்துக் கைக்கடிதத்திலோ அற்றோணித் தத்துவத்திலோ காசைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். அயலவரோடு ஒருநாள் மாடு புகுந்த பிரச்சினை வந்தால் போதும். அவர் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் உங்கள் நித்திரை போய்விடும்.

அயலவர் சொந்தக்காரர் என்றால்

சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்த காணிகளில் பக்கத்து வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் அண்ணனோ சித்தப்பா மகனோதான். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் முற்கொள்வனவு உரிமையை மறந்து விற்பவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். 1947ஆம் ஆண்டின் சட்டப்படி, காணியில் கூட்டுப் பங்கு உள்ளவர்களுக்கும், விற்பவருக்கு உரித்தாளியாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. பக்கத்துக் காணிக்காரர் என்பதற்காக மட்டும் அது வராது. கோபத்தில் அவருக்குச் சொல்லாமல் விற்றால், வழக்கு, காணி வாங்கியவரின் தலையில் விழும். கதைக்க விருப்பமில்லாவிட்டால் நொத்தாரிசு மூலம் அறிவியுங்கள்.

கிணறு, ஒழுங்கை, வெள்ளம்

கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். அயலவர் கிரவல் போட்டு நிலத்தை உயர்த்தியிருந்தால், மாரி வெள்ளம் எந்த வளவில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். பின்னேரம் ஆறு மணிக்கும் ஒருமுறை போங்கள். குடி, சத்தம், கட்டாக்காலி மாடு எல்லாம் அந்த நேரத்தில்தான். கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் உறுதியில் எழுதியிருக்கிறதா என்று வரிவரியாக வாசியுங்கள். "இவ்வளவு காலமும் விட்டவைதானே" என்ற பேச்சு பழைய ஆளோடு போய்விடும்.

விற்பவர் மறைப்பது

அக்கா விட்ட தவறு இது. நீங்கள் மறைத்ததை அயலவர் படலையடியில் சொல்லுவார், அதுவும் தன் பாணியில். பிரச்சினை இருந்தால் விற்பனை விளம்பரம் போட முன் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இணக்கம் வந்தால் அதன் பிரதியை வாங்குபவரின் கையில் கொடுங்கள். நூறு வாக்குறுதியைவிட அந்த ஒரு தாள் பெறுமதியானது.

நாங்கள் கடைசியில் இருக்கிற வேலியையே எல்லையாக வைத்துப் புது வரைபடம் கீறுவித்தோம். நாலு அடி விட்டதற்குப் பதிலாகக் கிணற்றடிக்குப் போகும் பாதையை அவர் எழுத்தில் தந்தார். அடுத்து வந்தவரிடம் முழுக்கதையையும் சொன்னோம். அயலவருடைய மாடு பின்னேரத்தில் ஒழுங்கையில் நிற்கும், தன்மையாகச் சொன்னால் கட்டுவார், சத்தம் போட்டால் கட்டமாட்டார் என்பதையும் சொன்னோம். வந்தவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வேலியோரமாகப் போய் அயலவரோடு அரைமணித்தியாலம் கதைத்தார். அடுத்த நாள் முற்பணத்தோடு வந்தார்.