ஆடாத ஆட்டம் தோல்வி அல்ல: எவர்ட், நவ்ரத்திலோவா ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுப் பக்கத்துக்கு எழுத வந்திருக்கும் இளைஞர் ஒருவர் போன வாரம் தன் கட்டுரையைக் காட்டினார். கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா இருவரின் டென்னிஸ் வாழ்க்கையையும் ஒப்பிட்டிருந்தார். கூடவே ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் ஆண்டுகள், மேலே நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகள். எவர்ட்டின் வரிசையில் 1976, 1977, 1978 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரெஞ்சு ஓப்பன் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் அதே பூஜ்யத்தை நானும் போட்டிருக்கிறேன்.

ஆண்டு மாறிப்போவது, பெயரில் எழுத்துப் பிழை வருவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பிப்போகிற தவறுகள்தான் ஆபத்தானவை.

காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடுவது

இருவரும் ஒற்றையரில் 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றவர்கள். எவர்ட்டுக்கு பிரெஞ்சு ஓப்பன் 7, அமெரிக்க ஓப்பன் 6, விம்பிள்டன் 3, ஆஸ்திரேலிய ஓப்பன் 2. நவ்ரத்திலோவாவுக்கு விம்பிள்டன் 9, அமெரிக்க ஓப்பன் 4, ஆஸ்திரேலிய ஓப்பன் 3, பிரெஞ்சு ஓப்பன் 2. மொத்தம் சமமாக இருப்பதால், யார் எங்கே தவறவிட்டார் என்று தேட மனம் தூண்டும். நானும் தேடினேன். எவர்ட் 1974, 1975 ஆண்டுகளில் பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸில் வென்றிருக்கிறார். மறுபடி 1979, 1980. நடுவில் மூன்று ஆண்டுகள் பட்டம் இல்லை. "தன் உச்ச காலத்தில் பாரிஸில் மூன்று முறை சறுக்கினார்" என்று எழுதிவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நடுங்கும் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "1976இல் பாரிஸில் எவர்ட்டைத் தோற்கடித்தவர் யார் என்று தெரிவிக்கவும்." இரண்டு நாள் தேடினேன். அந்த ஆண்டு பட்டம் வென்றவர் சூ பார்க்கர். அவர் எவர்ட்டோடு மோதவே இல்லை. 1977இல் மிமா யாவுஷோவெட்ஸ், 1978இல் விர்ஜினியா ருசிச்சி. அவர்களும் மோதவில்லை. முதல் சுற்று வரை பின்னோக்கிப் போனேன். எவர்ட்டின் பெயரே அங்கு இல்லை. அந்த மூன்று கோடைகளிலும் அவர் அமெரிக்காவில் வேர்ல்டு டீம் டென்னிஸ் என்ற அணிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். அதன் ஆட்ட நாள்கள் பாரிஸ் போட்டியோடு மோதின. அவர் அணிப் போட்டியைத் தேர்ந்தெடுத்தார். யாரிடமும் தோற்கவில்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. பிரெஞ்சு ஓப்பன் ஆடப்படுவது களிமண் தரையில். அந்தத் தரையில் எவர்ட் 1973 ஆகஸ்ட் முதல் 1979 மே வரை தொடர்ந்து 125 ஆட்டங்களில் வென்றவர். ரோமில் டிரேசி ஆஸ்டின்தான் அந்தத் தொடரை முறித்தார். நான் "சறுக்கினார்" என்று எழுதிய மூன்று ஆண்டுகளும் முழுக்க அந்தத் தொடருக்குள் அடங்குகின்றன. களிமண்ணில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத காலத்தை அவருடைய தோல்விக் காலமாகக் காட்டியிருக்கிறேன். பத்திரிகை இரண்டு வரியில் திருத்தம் வெளியிட்டது. தொடராக வரவிருந்த மற்ற ஒப்பீடுகளை ஆசிரியர் நிறுத்திவிட்டார். அந்த அஞ்சலட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதே தவறு ஆஸ்திரேலிய ஓப்பனில் இன்னும் பெரிதாகும். அன்று அது ஆண்டின் கடைசியில், கிறிஸ்துமஸை ஒட்டி, நெடுந்தூரப் பயணம் செய்து ஆட வேண்டிய போட்டி. முன்னணி வீரர்கள் பலர் போகமாட்டார்கள். ஐந்து விம்பிள்டனும் ஆறு பிரெஞ்சு ஓப்பனும் வென்ற பியோர்ன் போர்க்கே அங்கு ஒரே ஒரு முறைதான் ஆடினார். எவர்ட் ஆறு முறை போனார், ஆறு முறையும் இறுதிப்போட்டிக்கு வந்தார், இரண்டு முறை வென்றார். போகாத ஆண்டுகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டால் அவர் அங்கே திணறியவர் போலத் தெரியும். அந்தப் போட்டியில் அவரைப் போலத் தவறாமல் இறுதிக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

1986ஆம் ஆண்டுக் கட்டம் இன்னொரு பொறி. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கவே இல்லை. டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு மாற்றியதால் 1985 டிசம்பருக்குப் பிறகு 1987 ஜனவரியில்தான் நடந்தது. 1977ஆம் ஆண்டிலோ ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை நடந்தது. ஓர் ஆண்டுக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டவுடனே அட்டவணை பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இப்போது என் அட்டவணையில் பூஜ்யமே கிடையாது. தோற்றிருந்தால் எந்தச் சுற்றில் என்று எழுதுவேன். ஆடவில்லை என்றால் ஒரு கோடு. போட்டியே நடக்கவில்லை என்றால் பெருக்கல் குறி. கோடு போடுவதற்கு முன் முதல் சுற்றுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவேன்.

இதைச் சொன்னதும் அந்த இளைஞர் உடனே மறுபக்கம் சாய்ந்தார். "அப்படியென்றால் எவர்ட்டுக்கு 21 என்று கொள்ளலாமா?" என்றார். கூடாது. ஆடியிருந்தால் வென்றிருப்பார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. நவ்ரத்திலோவாவும் 1976 முதல் 1980 வரை பாரிஸுக்குப் போகவில்லை. ஒருவருக்குக் கற்பனைப் பட்டம் கொடுத்தால் மற்றவருக்கும் கொடுக்க வேண்டிவரும்.

43–37 என்பதைத் தீர்ப்பாக வாசிப்பது

இருவரும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்கள் 80. நவ்ரத்திலோவா 43, எவர்ட் 37. கட்டுரையை இந்த எண்ணோடு முடித்துவிடுகிறார்கள். தரை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். களிமண்ணில் எவர்ட் 11–3. புல்தரையில் நவ்ரத்திலோவா 10–5. கடினத் தரையில் நவ்ரத்திலோவா 9–7. உள்ளரங்கில் நவ்ரத்திலோவா 21–14. களிமண்ணில் 14 ஆட்டங்கள்தான், உள்ளரங்கில் 35. எங்கே அதிகம் சந்தித்தார்கள் என்பதும் அந்த 43க்குள் கலந்திருக்கிறது.

காலமும் கலந்திருக்கிறது. 1973 மார்ச்சில் ஓஹியோவின் ஆக்ரனில் முதல் முறை சந்தித்தபோது எவர்ட்டுக்கு வயது 18, நவ்ரத்திலோவாவுக்கு 16. 1975இல் நவ்ரத்திலோவா செக்கோஸ்லோவாகியாவை விட்டு வந்து அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் எவர்ட்டே வென்றார். பிறகு உடலை இரும்பாக்கிக்கொண்டு திரும்பிய நவ்ரத்திலோவா 1982 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து 13 முறை எவர்ட்டை வென்றார். 1983இல் ஆண்டு முழுவதும் அவர் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். அந்த நிலையிலிருந்து எழுந்து 1985 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் 6–3, 6–7, 7–5 என்று எவர்ட் வென்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. 43–37 என்ற ஒற்றை வரியில் அந்த மாலை எங்கே தெரியும்?

தரவரிசையில் முதலிடம் வகித்த வாரங்கள்

நவ்ரத்திலோவா 332, எவர்ட் 260. கணினித் தரவரிசை தொடங்கியதே 1975 நவம்பரில்தான். எவர்ட் தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்ற 1974 அதில் இல்லை.

பரிசுப் பணம்

ஒப்பிடாதீர்கள்.

இரட்டையரை விட்டுவிடுவது

ஒற்றையர் மட்டும் போதும் என்று முடிவு செய்தால் அதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நவ்ரத்திலோவாவின் பாதியை மறைத்ததாகிவிடும். ஒற்றையரில் 167 பட்டங்கள், இரட்டையரில் 177. பாம் ஷ்ரைவரோடு சேர்ந்து தொடர்ந்து 109 ஆட்டங்கள் வென்றவர் அவர். எவர்ட்டின் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் மூன்றுதான். அதில் இரண்டை, 1975 பிரெஞ்சு ஓப்பனையும் 1976 விம்பிள்டனையும், அவர் யாரோடு சேர்ந்து வென்றார் என்று பாருங்கள்: நவ்ரத்திலோவாவோடு. 1975இல் பாரிஸ் ஒற்றையர் இறுதியில் எதிரெதிரே நின்றவர்கள், அதே போட்டியின் இரட்டையரில் வலையின் ஒரே பக்கம் நின்று கோப்பையை வாங்கினார்கள். அந்த இளைஞரின் அட்டவணையில் இரட்டையருக்கு இடமே இல்லை. ஒரு வரிசை சேர்க்கச் சொன்னேன். 1975க்கு நேரே, ஒரே கட்டத்தில், இரண்டு பெயரையும் எழுதினார்.